பட்டியலைவிட ஒரு துணை

நம் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் ஓர் அன்பர் எழுந்து, "வாய், தாடை சம்பந்தப்பட்ட நோய்களுக்கு நல்ல நிபுணர்கள் யார் யார், அவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் யார் என்று ஒரு பட்டியல் தயாரித்து நமது இதழில் வெளியிட்டால் என்ன?" என்று கேட்டார். பலர் கைதட்டி வரவேற்றனர். கேட்டவரின் அக்கறையில் குறை காண்பதற்கில்லை. அம்பூரி, வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என எல்லையை ஒட்டிக் குடியிருக்கும் நம்மவர்களில், வாய் நோயால் அல்லலுற்ற ஒருவரையாவது அறியாத குடும்பம் குறைவு. ஆயினும் அந்தப் பட்டியலுக்கு நான் கை தூக்கவில்லை. "ஏன் சும்மா இருந்தீர்?" என்று பிறகு இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அதற்கான பதிலே இக்கட்டுரை.

முதலில், நாம் தேடுகிற நிபுணர் யார் என்பதில் தெளிவு வேண்டும். 'ஓரல் அண்ட் மாக்ஸிலோஃபேஷியல் சர்ஜன்' என்பது அவருடைய பட்டம். நோயாளி இப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தாடை கழன்றுவிடும். தமிழில் வாய், முகத்தாடை அறுவை மருத்துவர் எனலாம். இவர் பல் மருத்துவத்தில் பட்டம் பெற்று, அதன்பின் மூன்றாண்டுகள் இதற்கென்றே மேற்படிப்புப் படித்தவர். விபத்தில் உடைந்த தாடை எலும்பைச் சேர்ப்பது, எலும்புக்குள் படுத்துக் கிடக்கும் கடைவாய்ப் பல்லை எடுப்பது, தாடைக்குள் வளரும் நீர்க்கட்டியை அகற்றுவது, பிளந்த உதட்டையும் அண்ணத்தையும் தைப்பது, இறுகிப்போன வாயைத் திறக்க வைப்பது, ஆறாத புண்ணிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது எல்லாம் இவர் வேலை.

இங்கே நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பலகையில் பெயருக்குப் பின்னால் எம்.டி.எஸ். என்று பார்த்தவுடன், "பெரிய டாக்டர்" என்று உள்ளே போய்விடுகிறோம். எம்.டி.எஸ். படிப்பில் ஒன்பது பிரிவுகள் உண்டு. பல்வரிசையைச் சீராக்குபவரும் எம்.டி.எஸ்., குழந்தைகளின் பல்லைப் பார்ப்பவரும் எம்.டி.எஸ்., கட்டுப்பல் செய்பவரும் எம்.டி.எஸ். அவர்கள் எல்லோரும் தத்தம் தொழிலில் வல்லவர்களே. கல்யாணச் சமையலுக்கு வந்தவரிடம் கூரை வேயச் சொன்னால் அவர் என்ன செய்வார்? "எம்.டி.எஸ். எந்தப் பிரிவில் ஐயா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். தம் பிரிவு அல்லவென்றால் உரியவரிடம் சீட்டெழுதி அனுப்புவார். மருத்துவர் பதிவு பெற்றவர்தானா என்ற ஐயம் எழுந்தால், மாநிலப் பல் மருத்துவப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இத்தகைய நிபுணர் நமக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறாரா? இல்லை. அம்பூரியிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 40 கிலோமீட்டர். அங்கே 1959-ல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது; இந்த அறுவைப் பிரிவு அங்கே தனித்துறையாகவே இயங்குகிறது. அதே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில்தான் 1981-ல் நிறுவப்பட்ட வட்டாரப் புற்றுநோய் மையமும் இருக்கிறது. நம் மக்கள் 'ஆர்.சி.சி.' என்று சொல்வது அதைத்தான். ஓரிடத்தில் சோதனை செய்து, புற்றுநோய் என்று தெரிந்தால் மற்றோரிடத்துக்கு நடந்தே போகலாம். நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஆறாலும்மூட்டில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. எல்லையைத் தாண்டி அருமனை வழியாகப் போனால் குலசேகரத்தில் இன்னொன்று. பல் மருத்துவக் கல்லூரி என்றாலே இந்தப் பிரிவில் ஆசிரியர்கள் இருப்பார்கள். காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் தூரத்திலேயே மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. இந்தியாவில் இப்படி வாய்த்த மலையோரக் கிராமங்கள் எத்தனை இருக்கும்?

பட்டியல் போடுவதானால் அந்தப் பட்டியல் மேலே உள்ள பத்தியோடு முடிந்துவிட்டது. நோயாளிகள் நேரத்தோடு போய்ச் சேராததற்கு முகவரி தெரியாதது காரணம் அன்று என்பதே என் கருத்து.

இந்நோய் நம் மண்ணுக்குப் புதிது அன்று. 1956-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்குமாகக் கோடு விழுவதற்கு வெகுகாலம் முன்பு, இரண்டும் தென் திருவிதாங்கூராக ஒன்றாயிருந்தபோதே, நெய்யூர் மிஷன் மருத்துவமனை இதற்குப் பேர்போன இடம். 1838-ல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ராம்சே அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். அங்கே பணிபுரிந்த பென்டால் என்ற மருத்துவர் 1908-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், திருவிதாங்கூரில் தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். அதே நெய்யூரிலிருந்து ஆர் என்ற மருத்துவர் 1933-ல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையின் பொருளே, திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப் புற்றுநோய்தான். எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற குழுக்களில் இடம்பெற்ற சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர் நெய்யூரில் கத்தி பிடித்ததும் அக்காலத்தில்தான். காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரிக்கு இன்று அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. நம் பாட்டாமார் யாழ்ப்பாணப் பொயிலையைப் பெருமையாக வாங்கி முறுக்கான் போட்டுத் திரிந்த காலத்திலேயே, அது என்ன செய்கிறது என்று நம் ஊர் நோயாளிகளைப் பார்த்து உலகத்துக்கு எழுதிவிட்டார்கள். நமக்குத்தான் இன்னும் அச்சேதி முழுதாக வந்து சேரவில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1996 முதல் இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளைத் தேர்ந்தெடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆர்.சி.சி. மருத்துவர்களும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தியது. ரங்கசாமி சங்கரநாராயணன் என்ற மருத்துவர் இதில் முன்னின்றார். 7 பஞ்சாயத்துகளில், 35 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேடி வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மற்ற 6 பஞ்சாயத்துகளில் வழக்கம்போல விட்டுவிட்டார்கள். பார்த்தவர்கள் மருத்துவர்களும் அல்லர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வெளிச்சமும் கண்ணும்தான். முடிவுகள் 2005-ல் 'லான்செட்' இதழில் வெளியாயின. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே, வாய்ப் புற்றுநோயால் ஏற்பட்ட சாவு வீதம், பார்க்கப்பட்ட ஊர்களில் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. வாயைத் திறந்து பார்த்ததற்கே இவ்வளவு பலன்! உலகெங்கும் வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேசுவோர் இன்றும் இந்த ஆய்வை எடுத்துக்காட்டுகிறார்கள்.

அந்த ஆய்வில் என்னை வெகுவாகச் சிந்திக்க வைத்த எண்ணிக்கை வேறொன்று. வாயைப் பார்த்தபோது 5,145 பேரிடம் ஐயத்துக்குரிய அடையாளம் தெரிந்து, "மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். எத்தனை பேர் போனார்கள் தெரியுமா? 3,218 பேர். மீதி 1,927 பேர் போகவில்லை. வீட்டு வாசலுக்கே ஆள் வந்து, வாயைப் பார்த்து, எங்கே போகவேண்டும் என்றும் சொன்ன பிறகு, மூவரில் ஒருவருக்கு மேல் போகவில்லை! படிப்பறிவில் பேர்பெற்ற கேரளத்திலேயே இந்நிலை. இதன்பிறகும் பட்டியல் அச்சிட்டால் போதும் என்று நம்மால் இருக்க முடியுமா?

ஏன் போகவில்லை? அவர்களை நான் கண்டதில்லை. ஆனால் எங்கள் ஊரில் கண்டதைச் சொல்லலாம்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு மாமி. கணவர் இருந்த காலத்தில் விளவங்கோட்டுப் பக்கமிருந்து ரப்பர் வேலைக்கு வந்த குடும்பம். சிறுவயது முதல் முறுக்கான் போடுவார். இடது கன்னத்தின் உட்புறம், பொயிலையை அடக்கிவைக்கும் இடத்தில், சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு வெள்ளைத் திட்டு. அது எப்போது வந்தது என்று அவருக்கே நினைவில்லை. பிறகு அதன் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பக்கத்துக் கிளினிக் ஒன்றில் காட்டினார். வைட்டமின் மாத்திரை, பிறகு ஒரு களிம்பு, பிறகு வேறு நிறத்தில் இன்னொரு வைட்டமின் மாத்திரை. கூர்மையான பல் உரசுகிறது என்று ஒரு பல்லையும் பிடுங்கினார்கள். இப்படியே ஐந்து மாதம் ஓடியது. வலி இல்லை என்பதால் மாமியும் கவலைப்படவில்லை. தொடக்கத்தில் இந்நோய் வலிக்காது என்பதே இதில் உள்ள பெரிய வஞ்சகம்.

அதற்குப் பின் குடும்பத்தில் ஆலோசனை தொடங்கிற்று. மஸ்கட்டில் இருக்கும் மகன், "அம்மாவை நேரே சென்னைக்கோ வேலூருக்கோ கொண்டுபோவோம், ஓணத்துக்கு லீவில் வருகிறேன்" என்றான். நாகர்கோவிலில் இருக்கும் மகள், "இங்கே வந்துவிடுங்கள்" என்றாள். மருமகள் திருவனந்தபுரம் என்றாள். தாயின் மேல் அன்பில்லாதவர் அவர்களில் யாருமில்லை. மூன்று இடமும் நல்ல இடம்தான். எந்த இடம் என்று தீர்மானிப்பதில் மேலும் ஏழு வாரம் கழிந்தது. மாமியோ, "பெரிய ஆஸ்பத்திரியில் எந்தப் பக்கம் போகணும், யாரைக் கேட்கணும்னு எனக்கு என்ன தெரியும் மக்களே?" என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். அவருக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. மொழி அவருக்குத் தடையே இல்லை. பல மாடி, பல கவுண்டர், பல வரிசை. அதில் தனியாக நிற்கும் அச்சம்தான் தடை.

முடிவில் மாமியை அழைத்துப்போனது பிள்ளைகள் அல்லர். எதிர்வீட்டில் இருக்கும் பஸ் கண்டக்டரின் மனைவி. "நாளைக்கு விடியற்காலம் முதல் பஸ், குளித்துவிட்டு நில்லுங்க மாமி" என்றார். அவ்வளவுதான். அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் ஓ.பி. சீட்டு எடுத்து, கூடவே வரிசையில் நின்று, புண்ணிலிருந்து துணுக்கு எடுக்கும்போது வெளியில் உட்கார்ந்திருந்து, முடிவு வாங்கவும் மறுபடி ஒருநாள் கூடவே போனார். புற்றுநோய்தான். நல்லவேளையாகக் கழுத்துக்குப் பரவியிருக்கவில்லை. அறுவை நடந்தது. மாமி இன்று இருக்கிறார். பேச்சில் ஒரு சிறு குழறல் உண்டு. மிளகாய் சேர்க்க முடிவதில்லை, அதுதான் அவருடைய பெரிய வருத்தம். அந்தக் கண்டக்டரின் மனைவி பத்தாவது வரைதான் படித்தவர். எந்தப் பட்டியலும் அவர் கையில் இருந்ததில்லை.

சென்னை, வேலூர் என்ற சொல் நம்மவர்களிடம் செய்யும் மாயத்தைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். வேலூர் மருத்துவமனையின் பெருமையை யார் மறுப்பர்? ஆனால் வாயில் ஆறாத புண் உள்ளவருக்கு முதல் தேவை ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பது. அதை மிக அருகில் உள்ள வாய் அறுவை மருத்துவரிடம் இந்த வாரமே செய்துகொள்ளலாம். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போகட்டும், வேலூருக்குப் போகட்டும், எங்கேயும் போகட்டும். லீவு கிடைக்கும்வரை, டிக்கெட் கிடைக்கும்வரை, பேத்தியின் பரீட்சை முடியும்வரை என்று துணுக்கு எடுப்பதைத் தள்ளிப்போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதைப் படிப்பீர்களானால், பணம் அனுப்புமுன் ஊரில் ஒருவருக்குத் தொலைபேசி செய்து, "அம்மாவை நாளைக் காலையில் அழைத்துப் போக முடியுமா?" என்று கேளுங்கள்.

தாடை உடைந்தவர்களின் கதை வேறு மாதிரி. மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளில் விழுந்தவனை முதலில் ஆசானிடம் கொண்டுபோகும் வழக்கம் நம் பக்கத்தில் இன்றும் உண்டு. கையும் காலும் உடைந்தால் ஆசான்மார் கட்டிய கட்டில் தேறியவர்களை நானே கண்டிருக்கிறேன். அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஆனால் தாடை அப்படிப்பட்ட எலும்பு அன்று. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போலக் கூடும்படி அதைச் சேர்க்க வேண்டும். ஒரு நெல்லளவு விலகினாலும் மென்று தின்ன முடியாது. விழுந்தவன் "பல்லு கூடல்லே" என்று சொன்னாலோ, கீழுதடு மரத்துப்போனது என்றாலோ தாடை உடைந்திருக்கக்கூடும். முதலில் அவசரப் பிரிவுக்குத்தான் போகவேண்டும். மூச்சும் தலையும் பத்திரம் என்று தெரிந்தபின் வாய் அறுவை மருத்துவர். பெரியவர்களின் நிலைத்த பல் முழுதாகப் பெயர்ந்து விழுந்திருந்தால், வேர்ப் பக்கத்தைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்தால் திரும்பப் பொருத்த வாய்ப்புண்டு. வேட்டியில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களே அதிகம்.

பாக்கு விஷயமும் உண்டு. "நான் பொயிலையை விட்டாயிற்று, வெறும் பாக்குதான்" என்று சிலர் சொல்லிக்கொள்வார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்றே வகைப்படுத்திவிட்டது. வாய் மெல்ல மெல்ல இறுகித் திறக்க முடியாமல் போகும் நோய்க்கும் முதற்காரணம் பாக்குதான். நடுமூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கிடையே நுழைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு மூன்று விரல் நுழையவேண்டும். இரண்டோடு நின்றால் காட்டிவிடுவது நல்லது. கல்யாண வீட்டில் தாம்பூலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாக்குப் பொட்டலத்தைக் கிழித்து வாயில் கொட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, 'அது நம் பிள்ளை இல்லையே' என்று போய்விடக் கூடாது.

ஆகவே என் யோசனை இது. சங்கம் பட்டியல் தயாரிக்கச் செலவிடும் உழைப்பைத் துணை சேர்ப்பதில் செலவிடட்டும். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர் போதும்: ஓர் ஆண், ஒரு பெண். பெண் நோயாளிகளுக்குப் பெண்ணே துணை போகவேண்டும், அப்போதுதான் வாய்விட்டுச் சொல்வார்கள். கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு மலையாளமும் வராது. அவர்களுக்கு இத்துணை இரட்டிப்பு உதவி. ஒருநாள் கூலி போய்விடுமே என்பது அவர்களுடைய நியாயமான கவலை. பஸ் கட்டணமும் ஒருவேளைச் சாப்பாடும் சங்கக் கணக்கில் போகட்டும். ஆண்டுவிழாவில் பொன்னாடைக்கு ஆகும் செலவில் பாதியே இதற்குப் போதும். (செயலாளர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

துணை போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதிகமில்லை. இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, காரணமின்றி ஆடும் பல், பல் பிடுங்கிய இடம் ஆறாமல் கிடப்பது, இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்கக் கூடாது. சிவப்புத் திட்டு வெள்ளையைக் காட்டிலும் மோசம். பழைய மருந்துச் சீட்டுகளையும் எக்ஸ்ரேயையும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். குடும்ப அட்டை எந்த மாநிலத்தது, அதன்மேல் உள்ள காப்பீடு எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை அறுவைக்கு நாள் குறிக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். வீடு இந்தப் பக்கம், அட்டை அந்தப் பக்கம் என்று வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டல்லவா? சோதனை முடிவை வாங்கும் நாளை நோயாளி மறந்தாலும் துணைக்குப் போனவர் மறக்கக்கூடாது. அந்த இரண்டாவது பயணத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு டார்ச் லைட்டும் கொண்டுவருகிறேன். முறுக்கான் போடுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வராந்தாவில் ஒரு நிமிடம் வாயைத் திறந்து காட்டட்டும். காரக்கோணத்தில் பயிற்சி முடித்த நர்ஸ் ஒருவர் நம் உறுப்பினர் வீட்டிலேயே இருக்கிறார், பார்க்கச் சம்மதித்திருக்கிறார். துணை போக விரும்புவோர் அன்றே செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். அம்பூரிக்கு என் பெயரை எழுதிக்கொள்ளட்டும். செவ்வாயும் வியாழனும் எனக்கு ஒழிவு. பெண்களுக்கு அந்தக் கண்டக்டரின் மனைவியைக் கேட்டாயிற்று; "ரேஷன் கடை திறக்கிற நாளா இல்லாம இருந்தா சரி" என்கிறார்.